பிரித்தானியாவில் தாக்கப்பட்டவரின் நடத்தை நட்டஈட்டை எப்படிப் பாதிக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்ட சகோதரியின் தம்பி இலண்டனில் ஓர் ஓஃப் லைசென்ஸ் கடையில் இரவு வேலை செய்கிறார். ஒருவர் இரண்டு மதுப் போத்தல்களைக் காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வெளியேற, தம்பி பின்னால் போய் நடைபாதையில் அவருடைய தோளைப் பிடித்திருக்கிறார்; இழுபறியில் ஒரு தடவை தள்ளியும் இருக்கிறார். அந்த ஆள் போத்தலால் முகத்தில் அடித்ததில் தாடை எலும்பு உடைந்து, கன்னத்தில் தழும்பும் நின்றுவிட்டது. வைத்தியசாலையில் முதலில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். பொலிஸ் வேண்டாம் என்று கடை முதலாளி தடுத்ததால் மூன்றாம் நாள்தான் முறைப்பாடு செய்தார். இப்போது அரசின் குற்றவியல் காய நட்டஈட்டுத் திட்டத்துக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம், விண்ணப்பதாரரின் நடத்தை பற்றிய அந்தத் திட்டத்தின் 25ஆம் பந்தியைக் காட்டி முழுமையாக நிராகரிக்கப்பட்டிருக்கிறது. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் 22ஆம் பந்தியும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. "தம்பியும் தள்ளினான்தானே, இனி ஒன்றும் செய்ய ஏலாதா?" என்று சகோதரி கேட்கிறார்.

செய்ய முடியும். ஆனால் வேறு எதையும் யோசிப்பதற்கு முன் அந்தக் கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். அந்தத் திகதியிலிருந்து 56 நாட்களுக்குள் மீளாய்வு கேட்டு எழுத வேண்டும். நீடிப்புக் கேட்க இடமுண்டு என்றாலும், அது கிடைக்கும் என்று நம்பிக் கடிதத்தை மேசை இலாச்சியில் போட்டு வைத்தவர்கள் பலர் என்னிடம் காலம் கடந்த பிறகே வந்திருக்கிறார்கள். பல வருடங்களாக ஒரு சட்ட ஆலோசனை நிலையத்தில் நம் மக்களுக்கு இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தும், சிலருடன் தீர்ப்பாயம் வரை போயும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் தம்பியின் வழக்கில் எல்லோரும் பயப்படும் அந்தத் தள்ளலை விட, பயப்படாமல் விட்டுவிட்ட அந்த மூன்று நாட்கள்தான் ஆபத்தானவை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

வன்முறைக் குற்றத்தால் காயப்பட்டவர்களுக்கு அரசு பணம் கொடுக்கும் ஏற்பாடு பிரித்தானியாவில் 1964இல் தொடங்கியது. அப்போது அது சட்ட உரிமையாக இருக்கவில்லை. அரசு தன் விருப்பில் வழங்கும் உதவியாகவே இருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அதற்குச் சட்டபூர்வமான அடித்தளம் கிடைத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2012 நவம்பர் 27ஆம் திகதி அமலுக்கு வந்த திட்டம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும். வட அயர்லாந்துக்கு வேறு திட்டம் உண்டு. சீ.ஐ.சீ.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் குற்றவியல் காய நட்டஈட்டு அதிகாரசபை கிளாஸ்கோவிலிருந்து இதை நடத்துகிறது. காயத்துக்கான தொகை அட்டவணைப்படி 1,000 பவுணிலிருந்து 250,000 பவுண் வரை போகும். வருமான இழப்பு முதலியவற்றையும் சேர்த்தால் உச்சவரம்பு 500,000 பவுண். தாக்கியவர் பிடிபட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாக்குதல் நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

இந்தப் பணம் தாக்கியவரின் பையிலிருந்து வருவதில்லை, வரி செலுத்தும் பொதுமக்களின் பணத்திலிருந்து வருகிறது. பாதிக்கப்பட்டவரின் நடத்தையை அதிகாரசபை துருவிப் பார்ப்பதன் காரணம் அதுதான். பொதுப்பணத்தில் நட்டஈடு பெறுவதற்கு இவர் தகுந்தவர்தானா என்பதே கேள்வி என்று இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. காயத்துடன் எந்தத் தொடர்பும் இல்லாத பழைய குற்றங்களைக்கூட அதிகாரிகள் கணக்கில் எடுக்கலாம் என்பதும் அந்த வழக்கில்தான் உறுதியானது. ஒரு சிவில் வழக்கில் "யார் எவ்வளவு கவனக்குறைவாக இருந்தார்கள்" என்று பங்கு பிரிப்பதைப் போன்ற கணக்கு இது என்று நினைத்தால் அடுத்து வரும் எதுவும் விளங்காது.

25ஆம் பந்தி சொல்வது இதுதான்: சம்பவத்துக்கு முன்னரோ, சம்பவத்தின்போதோ, பின்னரோ விண்ணப்பதாரர் நடந்துகொண்ட விதம், நட்டஈடு கொடுப்பதையோ முழுத் தொகையைக் கொடுப்பதையோ பொருத்தமற்றதாக்கினால், அதை மறுக்கலாம் அல்லது குறைக்கலாம். "மறுக்க வேண்டும்" என்று அதில் இல்லை, "மறுக்கலாம், குறைக்கலாம்" என்றுதான் இருக்கிறது. ஆகவே 25ஆம் பந்தி வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. முழு மறுப்புக்கும் முழுத் தொகைக்கும் இடையில் நான்கில் ஒரு பங்கு வெட்டு, பாதி வெட்டு என்று பல படிகள் உண்டு. முழுமையாக மறுத்த அதிகாரி, ஏன் குறைப்பு போதாது என்பதைத் தன் கடிதத்தில் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலான கடிதங்களில் அந்த விளக்கம் இருப்பதில்லை. மீளாய்வுக் கடிதத்தில் முதலில் தொட வேண்டிய இடம் அது.

நடத்தை என்றால் என்ன? ஒருவர் செய்த புத்திக்குறைவான காரியமெல்லாம் நடத்தை ஆகிவிடுமா? இதற்கு நான் இன்றும் எடுத்துக்காட்டுவது 1973இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு. அவசர அழைப்புக்கு விரைந்த பொலிஸ்காரர் ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிக் காரைச் செலுத்தி, மோதி இறந்துபோனார். பிழை முழுவதும் அவருடையதே என்று சொல்லி அவருடைய மனைவிக்கு, அப்போது இந்தத் திட்டத்தை நடத்திய சபை நட்டஈட்டை மறுத்தது. வழக்கைக் கேட்ட நீதிபதி டெனிங் பிரபு அதை ஏற்கவில்லை. கண்டிக்கத்தக்க, அல்லது மற்றவரைத் தூண்டிவிடக்கூடிய செயலையே இங்கு நடத்தை என்ற சொல் குறிக்கும், வெறும் கவனக்குறைவு அதற்குள் வராது என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். அது பழைய திட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு, சொற்களும் இப்போது மாறிவிட்டன. இருந்தாலும் அந்த வேறுபாடு இன்றைக்கும் உதவும். உங்கள் தம்பி ஆயுதமில்லாமல், தனியாக, இரவு நேரத்தில் ஒரு திருடனின் பின்னால் போனது அறிவான காரியமில்லைதான். ஆனால் அது கண்டிக்கத்தக்க காரியமா? இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பல நிராகரிப்புகள் எழுதப்படுகின்றன.

கண்டிக்கத்தக்கது என்று அதிகாரசபை வழக்கமாகக் கருதும் செயல்கள் நமக்குத் தெரிந்தவைதான். "வெளியே வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைத்து, அழைப்பை ஏற்று நடந்த சண்டையில் காயப்பட்டவருக்குப் பொதுவாக எதுவும் கிடைக்காது. மற்றவர் திடீரென்று கத்தியை எடுத்தார் என்பதும் வழக்கமாக அந்த முடிவை மாற்றாது. நியாயமான காரணமின்றி முதல் அடியை அடித்தவர், பழிவாங்கப் போன இடத்தில் அடிபட்டவர், இரு தரப்பும் மாறி மாறி அடித்துக்கொண்டு வந்த நீண்ட பகையில் ஒரு கட்டத்தில் காயப்பட்டவர் ஆகியோரும் இதே நிலையில்தான். வாய்ப்பேச்சால் தூண்டியவர்களின் தொகையில் குறைப்பு விழும். எவ்வளவு என்பது பேச்சின் கடுமையையும், கிடைத்த அடி அதற்கு எவ்வளவு பொருத்தமில்லாதது என்பதையும் பொறுத்தது. சம்பவத்துக்குப் பின் உதவிக்கு வந்த அம்புலன்ஸ் ஊழியரையோ பொலிஸாரையோ அடிக்கப் போனதும் "பின்னர்" என்ற சொல்லுக்குள் அடங்கும்.

மது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நம்மவர்கள் தேவையில்லாமல் வெட்கப்பட்டு உண்மையை மறைக்கிறார்கள். போதையில் இருந்ததால் ஒருவர் குற்றத்துக்கு இலகுவாக இலக்கானார் என்றால், அந்த அளவுக்கு அந்தப் போதையை நடத்தையாகக் கருதக் கூடாது என்று 25ஆம் பந்தியே வெளிப்படையாகச் சொல்கிறது. குடித்துவிட்டு இரவு பஸ்ஸில் தூங்கிப்போனவரை ஒருவர் அடித்துப் பணப்பையைப் பறித்தால், குடித்ததைக் காட்டி ஒரு பவுணும் குறைக்க முடியாது. குடித்த வேகத்தில் அவரே முதலில் கை ஓங்கினால், அங்கே கணக்கில் வருவது கை ஓங்கிய செயல். "ஒரு சொட்டும் குடிக்கவில்லை" என்று வாக்குமூலத்தில் சொல்லிவிட்டு, பிறகு வைத்தியசாலைக் குறிப்பில் மது வாடை அடித்ததாக எழுதப்பட்டிருந்தால், குடித்ததால் வராத கேடு பொய்யால் வந்துவிடும்.

இனி அந்தத் தள்ளலுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் இதைப் போன்ற ஒரு வழக்கில் தீர்ப்பாயத்தில் நான் கூட இருந்தேன். அதுவும் ஒரு கடை வாசல்தான். பொலிஸ் அறிக்கையில் "இருவருக்கும் இடையில் கைகலப்பு" என்று ஒரே வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் அதிகாரசபை மறுத்திருந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கத்துக் கடையின் சிசிடிவிப் பதிவை நாங்கள் எப்படியோ தேடி எடுத்திருந்தோம். சத்தம் இல்லாத, சாம்பல் நிறமான, முப்பது விநாடி கூட ஓடாத படம். நீதிபதி அதை மூன்று முறை திரும்ப ஓடவிட்டு, ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். விண்ணப்பதாரரின் கை விரிந்திருந்தது, முஷ்டி மடக்கப்பட்டிருக்கவில்லை. அவருடைய பின்னங்கால் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதாவது அவர் மற்றவரைத் தன்னிடமிருந்து தள்ளி விலக்கிக்கொண்டிருந்தார். நட்டஈடு கிடைத்தது. காலின் நிலையை எழுத்தில் யாரும் பதிவு செய்திருக்கவில்லை என்பதை நான் இன்றும் நினைத்துக்கொள்வதுண்டு.

ஆகவே உங்கள் தம்பி தன் கூற்றை எழுதும்போது "தள்ளினேன்" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தக் கூடாது. எந்தக் கையால், திறந்த கையாலா, அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார், போத்தல் அப்போது எங்கே இருந்தது, தள்ளுவதற்கு முன் அவர் என்ன செய்தார், தம்பி என்ன சொன்னார், எவ்வளவு தூரம் என்பவற்றையெல்லாம் எழுத வேண்டும். தள்ளவே இல்லை என்று மறுக்கும் எண்ணம் வந்தால் அதை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள். சட்டம் அவர் பக்கம் நிற்கக்கூடிய இடம் வேறு: குற்றத்தைத் தடுப்பதற்கு அந்தச் சூழலில் நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்த இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எவருக்கும் 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு அனுமதி தருகிறது. திருடப்பட்ட பொருளை மீட்பதற்காகத் தோளைப் பிடித்ததும், அவர் திமிறியபோது தள்ளியதும் அந்த அளவுக்குள் அடங்கும் என்பதே உங்கள் வாதம். சட்டம் அனுமதிக்கும் ஒரு செயலைக் கண்டிக்கத்தக்க நடத்தை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று அந்த அதிகாரியிடம் நேராகவே கேளுங்கள். ஒருவேளை தள்ளல் தேவைக்கு மேற்பட்டது என்று அவர் கருதினாலும், ஒரு தள்ளலுக்குப் பதிலாக முகத்தில் போத்தல் அடி விழுந்திருப்பதால், முழு மறுப்புக்கு அது போதாது, அதிகபட்சம் ஒரு குறைப்பே பொருந்தும் என்று மாற்று வாதமாக எழுதலாம்.

இப்போது மூன்று நாட்கள். 22ஆம் பந்தியின்படி, நியாயமாக இயன்ற அளவு விரைவில் சம்பவத்தைப் பொலிஸாரிடம் முறையிட்டிருக்காவிட்டால் நட்டஈடு வழங்கப்படாது. 23ஆம் பந்தியின்படி, தாக்கியவரை நீதியின் முன் நிறுத்துவதற்கு நியாயமாக இயன்ற அளவு ஒத்துழைத்திருக்காவிட்டால் வழங்கப்படாது. இந்த இரண்டிலும் "மறுக்கலாம், குறைக்கலாம்" என்ற நெகிழ்ச்சி இல்லை. 25ஆம் பந்தியில் தோற்றாலும் பாதித் தொகையாவது மிஞ்சக்கூடும். 22இல் தோற்றால் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் அடக்கமாக இருக்கும் அந்த எண்ணைப் பார்த்து நான் கவலைப்படுகிறேன். மீளாய்வில் 25ஆம் பந்தியை மட்டும் உடைத்து அனுப்பிவிட்டால், அடுத்த கடிதம் 22ஐ மட்டும் காட்டி மறுபடியும் "இல்லை" என்று வரும்.

ஆனால் 22ஆம் பந்திக்குள்ளேயே ஒரு வாசல் இருக்கிறது. சம்பவ நேரத்தில் விண்ணப்பதாரரின் வயதையும் இயலுமையையும், சம்பவத்தின் பாதிப்பு காரணமாக அதற்கு முன்னர் முறையிடுவதை அவரிடம் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியுமா என்பதையும் குறிப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. தாடை உடைந்தவர் பேசும் நிலையில் இருந்தாரா? சத்திரசிகிச்சை எப்போது நடந்தது? வலிநிவாரணி எவ்வளவு கொடுத்தார்கள்? வைத்தியசாலையை விட்டு எப்போது வெளியேறினார்? இவற்றுக்குரிய பதிவுகளை வைத்தியசாலையிடமிருந்து எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அந்த மூன்று நாட்களில் இரண்டு நாள் அவர் கட்டிலில் கிடந்திருந்தால், தாமதம் என்பது உண்மையில் ஒரு நாளாகச் சுருங்கிவிடும்.

முதலாளி தடுத்ததைப் பற்றி எழுதத் தம்பி தயங்குவார். அவருடைய வேலை அங்கே இருக்கிறது. இருந்தும் எழுதத்தான் வேண்டும். நம் கடைகளில் இந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும்: "பொலிஸ் வந்தால் கவுன்சில் வரும், லைசென்ஸில் கை வைப்பான், நீ ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி யோசிக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்." இந்த நாட்டில் வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் காயத்துக்கு மருந்து கட்டுவதற்குப் பணம் கேட்பதில்லை என்பதைத் தெரிந்தவரும்கூட அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டுப் போவார். அப்படி ஒரு குரல் செய்தி வட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதை அழிக்க வேண்டாம். திகதியும் நேரமும் தெரியும்படி எடுத்து, தமிழில் உள்ளதை எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் இணையுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று வைத்தியசாலையில் சொன்னதற்கும் அதே செய்திதான் விளக்கம். அந்த விளக்கம் இல்லாமல் போனால், அதிகாரி அந்த முதல் வரியை வைத்துத் தாக்குதல் நடந்ததா என்பதையே சந்தேகிப்பார்.

இந்த இடத்தில் நம் சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நான் கண்ட நிராகரிப்புகளில் நெஞ்சை அதிகம் வருத்தியவை, அடிபட்டவர் தவறு செய்ததால் வந்தவை அல்ல. "ஊருக்குள்ளே பேசி முடிப்போம்" என்று பெரியவர்கள் கூடியதால் வந்தவை. கோயில் மண்டபத்தில் இரண்டு குடும்பங்களும் உட்கார்ந்து, தாக்கிய பிள்ளையின் மாமா மன்னிப்புக் கேட்டு, ஒரு தொகை கைமாறி, மறுநாள் அடிபட்டவர் பொலிஸுக்குப் போய் "நான் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கையெழுத்து வைத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து ஒரு கண்ணில் பார்வை மங்கத் தொடங்கும்போது நட்டஈட்டைப் பற்றி நினைப்பார். அப்போது 23ஆம் பந்தி வழியை அடைத்திருக்கும். கைமாறிய தொகையும், நட்டஈடு எப்படியோ கிடைத்தால் அதிலிருந்து கழிக்கப்படும். உறவு முறியக் கூடாது என்ற கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் உட்காரும் பெரியவர்கள், அடிபட்டவரின் எதிர்காலச் சிகிச்சைக்கான பணத்தையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பழிவாங்கப்படுவோம் என்ற பயத்தால் விலகியவர்களும், பயம் என்று ஒரு சொல்லை மட்டும் எழுதினால் போதும் என்று நினைக்க வேண்டாம். யார், எப்போது, என்ன சொல்லி மிரட்டினார்கள், அதைப் பொலிஸாரிடம் சொன்னீர்களா என்று கேட்பார்கள்.

தம்பிக்குத் தண்டனைப் பதிவு எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தத் திட்டத்திலேயே மிகக் கடுமையான விதி அங்கேதான் இருக்கிறது. திட்டத்தின் இணைப்பு D-யின்படி, விண்ணப்பிக்கும் நாளில் இன்னும் காலாவதியாகாத (அதாவது சட்டம் குறித்த காலம் இன்னும் கடக்காத) தண்டனை ஒன்று ஒருவர் மீது இருந்து, அது சிறைத்தண்டனையாகவோ, சமூக சேவை போன்றவற்றை விதிக்கும் சமுதாயக் கட்டளையாகவோ இருந்தால், அவருக்கு நட்டஈடே கிடையாது. அதிகாரிக்கு அதில் விருப்பத் தேர்வும் இல்லை. தண்டப்பணம் போன்ற மற்றத் தண்டனைகள் இருந்தால், விதிவிலக்கான காரணம் இல்லாதவரை மறுப்போ குறைப்போ உண்டு. வாகனக் குற்றத்துக்காகச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் தண்டப் புள்ளிகளும் தண்டப்பணமும் மட்டும் பெற்றவர்கள் இதில் சிக்குவதில்லை. லித்துவேனியாவிலிருந்து ஆட்கடத்தலாளர்களால் கொண்டுவரப்பட்டுச் சுரண்டப்பட்ட சகோதரர்கள் இருவர், தங்கள் நாட்டில் இருந்த பழைய திருட்டுத் தண்டனைகளுக்காக நட்டஈடு மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2021 ஜூலையில் நீதிமன்றம் அவர்களுடைய மேன்முறையீட்டைத் தள்ளி, விதி செல்லும் என்றது. சிறுவயதில் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாகி, அதன் தொடர்ச்சியாகவே குற்றத்தில் இழுபட்டவர்களுக்காவது இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய சுயாதீன விசாரணைக்குழு 2018இலேயே கேட்டது. விதி இன்னும் மாறவில்லை. இதை நான் அநீதி என்றே கருதுகிறேன். ஒரு பிள்ளையைக் கெடுத்தவர்களே அந்தப் பிள்ளையின் கையில் போதைப்பொருளையும் கொடுத்து விற்க அனுப்புவது உலகம் அறிந்த நடைமுறை. அந்தத் தண்டனையைக் காட்டி அந்தப் பிள்ளைக்கு நட்டஈட்டை மறுப்பதில் எந்தப் பொதுப்பணம் காப்பாற்றப்படுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

தண்டனை காலாவதியாகும் காலம் 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுருக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். ஒரு வருடம் வரையான சிறைத்தண்டனை, அது முடிந்து ஒரு வருடத்தில் காலாவதியாகிறது. தண்டப்பணம் தீர்ப்பு நாளிலிருந்து 12 மாதத்தில் காலாவதியாகும். விண்ணப்பிப்பதற்குப் பொதுவாக இரண்டு வருட அவகாசம் இருப்பதால், தண்டனை இன்னும் சில வாரங்களில் காலாவதியாகும் என்றால், அந்த எல்லைக்குள் காத்திருந்து விண்ணப்பிப்பது முழு மறுப்பைத் தவிர்க்கும். இதில் களவு எதுவும் இல்லை. திட்டமே விண்ணப்பத் திகதியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது.

27ஆம் பந்தி பொதுவான குணநலன் பற்றியது. பொலிஸ் எச்சரிக்கை, போதைப்பொருள் தொடர்பு, வரி ஏய்ப்பு, உதவிப்பண மோசடி முதலியவற்றை அதன் கீழ் கிளறலாம். இது நம் கடைத் தொழிலாளர்களைத் தொடும் இடம். சம்பளத்தில் பாதியைக் கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டு வரி காட்டாதவர், வருமான இழப்புக்கும் விண்ணப்பித்தால், அந்தக் கணக்கையே சான்றாகக் கேட்பார்கள். தம்பியின் நிலை அப்படியிருந்தால், அந்தப் பகுதியை நிரப்புவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடமோ இலவச ஆலோசனை நிலையத்திலோ நேரில் பேசுவது நல்லது. இல்லாத சம்பளப் பட்டியலை உருவாக்கித் தரும் ஆட்களிடம் போக வேண்டாம். 

கணவனால் தாக்கப்பட்ட பெண்கள் "நான் வீட்டை விட்டுப் போகாதது என் நடத்தைதானே, அதற்காக மறுப்பார்களா" என்று கேட்பதுண்டு. போகாமல் இருந்தது கண்டிக்கத்தக்க நடத்தை ஆகாது. ஆனால் 20ஆம் பந்தி தனியாக இருக்கிறது: சம்பவத்தின்போது இருவரும் வயதுவந்தவர்களாய் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், இப்போது பிரிந்திருக்க வேண்டும், மீண்டும் சேர்ந்து வாழும் வாய்ப்பும் இருக்கக் கூடாது. பிள்ளைகளின் விடயத்திலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பாலியல் சுரண்டலுக்காக ஆசைகாட்டிப் பணியவைக்கப்பட்ட சிறுவர்களை "சம்மதித்தார்கள்" என்று சொல்லி அதிகாரசபை மறுத்து வந்த காலம் ஒன்று இருந்தது. தொண்டு நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின் 2017இல் அலுவலர்களுக்கான வழிகாட்டல் மாற்றப்பட்டது. அதற்கு முன் அப்படி மறுக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சொல் அவர்களுக்குச் செய்த காயத்துக்கு எந்த அட்டவணையிலும் தொகை இல்லை.

மீண்டும் உங்கள் தம்பியின் கடிதத்துக்கு வருகிறேன். பொலிஸார் தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் பிரதியை அவரே தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். இன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், வருவதற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ எடுக்கும். கடையின் சிசிடிவிப் பதிவு பெரும்பாலும் அழிந்திருக்கும், ஆனால் பொலிஸார் ஒரு பிரதி எடுத்தார்களா என்று சம்பவ இலக்கத்தைச் சொல்லி விசாரியுங்கள். அன்றிரவு கடையில் இருந்த மற்ற ஊழியர், பஸ் தரிப்பிடத்தில் நின்றவர், அழைத்துப்போன டாக்ஸிக்காரர் என்று யார் கிடைத்தாலும், கண்டதை அவர்களுடைய சொந்தச் சொற்களில் எழுதித் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். நீங்கள் எழுதிக் கொடுத்து அவர்கள் கையெழுத்து வைத்தால், மூன்று கடிதங்களும் ஒரே குரலில் பேசும். படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

மீளாய்வை முதல் முடிவெடுத்தவர் செய்ய மாட்டார், வேறோர் அலுவலர் செய்வார். ஏற்கெனவே ஒரு தொகை கிடைத்தவர் மீளாய்வு கேட்டால் அது குறையவும் கூடும். முழுமையாக மறுக்கப்பட்ட உங்கள் தம்பிக்கு அந்தக் கவலை இல்லை. மீளாய்விலும் மறுத்தால் 90 நாட்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை. சட்டத்தரணி வைத்தால் அந்தச் செலவை வென்றாலும் திரும்பக் கேட்க முடியாது; அதனால் நட்டஈட்டில் பங்கு கேட்டு முன்வரும் நிறுவனங்களிடம் கையொப்பம் இடுவதற்கு முன் இலவச உதவியைத் தேடுங்கள். தீர்ப்பாயம் எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கும், நேரிலோ காணொளியிலோ தம்பியின் வாயாலேயே கேட்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மேன்முறையீட்டுப் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். இலங்கைத் தமிழ் பேசுபவர் வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். "தள்ளினேன்", "விலக்கினேன்", "இழுத்தேன்" ஆகிய மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் சொல்லிவிட்டுப் போன மொழிபெயர்ப்பாளரை நான் கண்டிருக்கிறேன்.

இன்றிரவு தம்பியை உட்காரவைத்து, அவர் அந்த ஆளைக் கடைக்குள் முதலில் கண்ட கணத்திலிருந்து நடைபாதையில் விழுந்த கணம் வரை தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம். அந்தத் தாளையும் அதிகாரசபையின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, 56 நாள் முடிவதற்குக் குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்னராவது உங்களுக்கு அருகிலுள்ள ஆலோசனை நிலையத்துக்குப் போங்கள்.